கணினியின் துடிப்பேற்றமும் மின்னழுத்தத்தின் நிலைபேறும்

கணினி வாங்கச் செல்வோர் முதற்கண் வினவுவது அதன் வேகத்தையே. கடைக்காரர் ஓரெண்ணைக் கூறுவர். அதனினும் பெரிய எண்ணுடையது அதனினும் சிறந்தது எனக் கொண்டு வாங்குவோர் அமைதியுறுவர். அவ்வெண் எதனைக் குறிக்கின்றது, அதனை வரையறுத்தவர் யாவர், வரையறுத்த எல்லையைக் கடந்து கணினியை இயக்குதல் கூடுமா என்னும் வினாக்கள் பெரும்பாலார் உள்ளத்தில் எழுவதில்லை. ஆயின், மேல்வகுப்பு மாணவர் சிலரிடத்தும் இளம் பட்டதாரிகளிடத்தும் இவ்வினாக்கள் எழக் காண்கின்றோம். சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு வாங்கிய கணினியிலிருந்து, அதனினும் விலைமிக்க கணினியின் பயனைப் பெறல் வேண்டும் என்னும் அவா இயல்பானதே. அவ்வவா காரணமாக அவர்கள் செய்யும் வினையே ஓவர்குளொக்கிங் என ஆங்கிலத்தில் வழங்குவது.

இதற்கு நம் மொழியில் நிலைபெற்ற பெயர் இன்மையால், கடிகாரத் துடிப்பை ஏற்றுதல் என்னும் பொருள்பட, இக்கட்டுரையில் இதனைத் துடிப்பேற்றம் என வழங்குவோம். மிகைவேகம் எனினும் அமையும். ஆயின் அச்சொல் வீதியிற் செல்லும் வண்டிக்கு உரியது போலத் தோன்றுதலின் விலக்கினோம்.

இக்கல்லூரியின் பழைய மாணவருள் மின்பொறியியலில் வல்லுநர் பலர் உளர். அவர்க்கு ஈண்டுக் கூறப்படுவன புதியன அல்ல. அத்துறை பயிலாத ஏனையோர்க்கும், பிள்ளைகள் வினவுங்கால் விடை கூறவேண்டிய பெற்றோர்க்கும் பயன்படும் என்னும் கருத்தோடு எழுதப்படுவது இது. கூறக்கருதிய பொருள் ஒன்றே. வேகத்தை உயர்த்துதல் எவர்க்கும் எளிது. திரையில் ஓரெண்ணை மாற்றினால் அது முடிந்துவிடும். உயர்த்திய வேகத்தில், முறைவழியியைச் சென்றடையும் மின்னழுத்தத்தை நிலைபெறச் செய்தலே அரிது. அந்நிலைபேறு இன்றேல், கணினி வேகமாக ஓடுவதாகத் தோன்றிக்கொண்டே பிழையான விடைகளைத் தந்துகொண்டிருக்கும்.

புறொசெசர் எனப் பலரும் கூறும் முறைவழியியின் உள்ளே கோடிக்கணக்கான திரான்சிற்றர்கள் உள. அவை யாவும் ஒரே தாளத்திற்கு இயங்குமாறு கடிகாரத் துடிப்பு ஒன்று அவற்றிற்கு அனுப்பப்படுகின்றது. தாய்ப்பலகையிலிருந்து வரும் அடிப்படைத் துடிப்பு இக்காலத்துக் கணினிகளில் செக்கனுக்குப் பத்துக் கோடி, அஃதாவது 100 மெகாஹேர்ட்ஸ். முறைவழியி இதனை ஒரு பெருக்கெண்ணாற் பெருக்கிக் கொள்ளும். பெருக்கெண் 50 ஆயின் வேகம் 5 கிகாஹேர்ட்ஸ். அவ்வேகத்தில் ஒரு துடிப்பிற்கும் அடுத்த துடிப்பிற்கும் இடைப்பட்ட காலம் ஒரு நனோசெக்கனின் ஐந்திலொரு பங்கு. அக்காலத்தில் ஒளியே ஏறத்தாழ 6 சதமமீற்றர் தூரந்தான் செல்லும்.

பாடசாலை மணியை இதற்கு உவமை கூறலாம். பாடவேளை 40 நிமிடமாயின், ஆசிரியர் அதற்குள் பாடத்தை முடித்து மாணவர் ஏடுகளில் எழுதுவித்துவிடல் வேண்டும். மணியை 30 நிமிடத்திற்கு ஒருமுறை அடித்தால் நாளொன்றிற் பாடங்கள் மிகும். விரைந்து கற்பிக்கும் ஆசிரியர் அப்பொழுதும் முடித்துவிடுவர். அது கூடாதவரின் வகுப்பில், ஏட்டிற் பாதிப் பாடமே பதிந்திருக்கும். மணி அடிப்பவருக்கு அது தெரியாது. முறைவழியியிலும் இஃதே நிகழ்கின்றது. ஒரு துடிப்புக்கும் மறுதுடிப்புக்கும் இடையில் மின்குறி பல திரான்சிற்றர்களைக் கடந்து சென்று ஓரிடத்தில் 1 என்றோ பூச்சியம் என்றோ நிலைகொள்ளல் வேண்டும். நிலைகொள்ளுமுன் அடுத்த துடிப்பு வந்துவிடின், ஆங்கு எது இருந்ததோ அதுவே விடையாகப் பதிந்துவிடும்.

அங்ஙனமாயின், உற்பத்தியாளர் குறித்த வேகத்தின் மேலும் ஓட இடமிருப்பது எங்ஙனம் எனின், ஒரே சிலிக்கன் தகட்டிலிருந்து வெட்டி எடுக்கப்படும் சில்லுகள் யாவும் ஒரே தரத்தன அல்ல. அவற்றைச் சோதித்து வகைப்படுத்தியே விலை குறிப்பர். மிகுந்த வெப்பத்திலும், சற்றுக் குறைந்த மின்னழுத்தத்திலும், பல்லாண்டு உழைத்துத் தேய்ந்த பின்னரும் தவறாது இயங்கும் வேகத்தையே அவர் குறிப்பர். அன்றியும், விலை குறைந்த சில்லுகளுக்குக் கேள்வி மிகும்போது, உயர்வேகத்திற்குத் தகுதியான சில்லுகளும் குறைந்த வேகம் பொறிக்கப்பட்டு விற்பனைக்கு வருவதுண்டு.

இம்மறைந்த வலிமையைத் தேடும் முயற்சி மேசைக்கணினியின் தொடக்க காலந்தொட்டே உள்ளது. ஐ.பி.எம். நிறுவனம் 1984 இல் வெளியிட்ட ஏ.ரி. என்னும் கணினி 6 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. அதன் துடிப்பைத் தந்த படிகம் பொருத்துவாயிற் செருகப்பட்டிருந்தமையால், ஆர்வலர் அதனைப் பிடுங்கி வேறொன்றைச் செருகி வேகத்தை உயர்த்தினர். நிறுவனத்தார் பின்னர் வந்த பிரதிகளில், வேகம் மிகின் கணினி தொடங்காதவாறு ஒரு சோதனையைச் சேர்த்தனர்.

ஆயின், துடிப்பேற்றத்தை உலகெங்கும் பரப்பியது 1998 ஓகஸ்ட் மாதத்தில் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட செலறோன் 300ஏ என்னும் மலிவான முறைவழியியே. இதன் கதை சிறிது விரித்துரைக்கத் தக்கது. அதன் பெருக்கெண் 4.5, அதனை மாற்ற இயலாது. அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹேர்ட்ஸ். எனவே வேகம் 300. அக்காலத்துத் தாய்ப்பலகைகள் சில 100 மெகாஹேர்ட்ஸ் துடிப்பையும் தர வல்லன. அத்தகைய பலகையிற் பொருத்தித் துடிப்பை 100 ஆக்கினால் வேகம் ஒரே பாய்ச்சலில் 450 ஆயிற்று. அஃது அவ்வமயம் அதனிற் பன்மடங்கு விலைக்கு விற்ற பென்ரியம் 2 வகையின் உச்ச வேகம். செலறோனிலிருந்த இடைநினைவகம் அளவிற் சிறிதெனினும், சில்லின் உள்ளேயே அமைந்து முழுவேகத்தில் இயங்கியமையால், அவ்விலைமிக்க உடன்பிறப்போடு பல வேலைகளில் அது தோளொத்து நின்றது. தாமாகவே வேகத்தைத் தெரிவுசெய்யும் பலகைகளை உடையோர், முறைவழியி அட்டையின் முனைகளுள் ஒன்றை ஒட்டுத்தாளால் மூடி, அதனை 100 மெகாஹேர்ட்ஸ் எனப் பலகை கருதுமாறு செய்தனர்.

அச்செலறோனுக்கு விதிக்கப்பட்ட மின்னழுத்தம் 2.0 வோல்ற்று. பலருடைய சில்லுகள் அதே அழுத்தத்தில் 450 ஐ எட்டின. எட்டாதவற்றிற்கு ஒரு சிறிது கூட்டியபோது அவற்றுட் பலவும் எட்டின. துடிப்பேற்றத்தின் இரண்டாவது பாதி இங்கேதான் தொடங்குகின்றது. திரான்சிற்றருக்கு அழுத்தம் மிகுந்தால் அது விரைந்து மாறும், குறைந்தால் தாமதிக்கும். ஆதலின், வேகம் போதாவிடத்து அழுத்தத்தைக் கூட்டுக என்பது எளிய மருந்தாயிற்று. மருந்தின் விலை பின்னரே தெரியும்.

திரான்சிற்றர்கள் மாறுவதாற் செலவாகும் வலு, கொள்ளளவம், மின்னழுத்தத்தின் வர்க்கம், மீடிறன் ஆகிய மூன்றன் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகத்தை நூற்றுக்கு 20 உயர்த்தி, அதன்பொருட்டு அழுத்தத்தை நூற்றுக்கு 10 கூட்டினால், வலு 1.2 × 1.1 × 1.1 மடங்காகும், அஃதாவது நூற்றுக்கு 45 மிகும். இதன்மேல், திரான்சிற்றர்கள் மூடியிருக்கும்போதும் கசியும் மின்னோட்டம் உண்டு. அழுத்தமும் வெப்பமும் மிக, அக்கசிவும் மிகும். கசிவு வெப்பத்தை மிகுக்கும்.

இவ்விடத்தில் நம் நாட்டவர் நினைவிற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. குளிர்விப்பான் எத்துணைச் சிறந்ததாயினும், விசிறியால் இயங்குவது அறையின் வெப்பநிலைக்குக் கீழே சில்லைக் கொணர மாட்டாது. வாற்று ஒன்றுக்கு 0.3 பாகை உயரவிடும் குளிர்விப்பான் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 200 வாற்று வலுவுக்கு உயர்வு 60 பாகை. அறை 20 பாகையில் இருக்கும் குளிர்நாட்டிற் சில்லு 80 பாகையில் நிற்கும். யாழ்ப்பாணத்துச் சித்திரை மாதப் பிற்பகலில், 32 பாகை அறையில், அதே சில்லு 92 இற் கொதிக்கும். இன்ரெல் முறைவழியிகள் பல 100 பாகையை எட்டியதும் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்வன. பிறநாட்டார் ஒருவர் தமக்கு நன்கு இயங்கியதென வெளியிடும் எண்களை அவ்வாறே படியெடுத்து இங்கு இடுதல், பிறர்க்கு அளவெடுத்த சட்டையை நாம் அணிதலை ஒக்கும்.

இனி, இக்கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருவோம். மின்னழுத்தம் நிலைபெறல் என்பது யாது?

வீட்டு விளக்குகள் மங்குவதையும் பின்னர் மிகையாய் ஒளிர்வதையும் கண்டவர், ஸ்ரபிலைசர் ஒன்றை வாங்கிக் கணினிக்கு முன்னே வைத்தாற் போதும் என எண்ணுவர். அஃது இந்நோய்க்கு மருந்தன்று. கணினியின் மின்வழங்கி நன்றாயின், சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்று ஆடலோட்டம் ஓரளவு ஏறியிறங்கினும், அது தரும் 12 வோல்ற்று நேரோட்டம் நூற்றுக்கு 5 என்னும் எல்லைக்குள் நிற்கும். ஈண்டு நாம் கூறும் தளர்ச்சி, அவ்விடத்துக்கும் அப்பால், முறைவழியியைச் சூழ்ந்த சில சதமமீற்றர் தூரத்துள் நிகழ்வது. மின்தடையின்போது கைகொடுக்கும் யூ.பி.எஸ். கருவியும் அங்குச் சென்று உதவ மாட்டாது.

1989 இல் வந்த 486 முறைவழியிக்கு 5 வோல்ற்று அளிக்கப்பட்டது. செலறோன் காலத்தில் 2. இந்நாளில் முழுவேலையின்போது ஏறத்தாழ 1.2. திரான்சிற்றரின் பருமன் குறையக் குறைய அழுத்தத்தையும் அதற்கேற்பக் குறைக்கலாம் என்பதை 1974 இல் ஐ.பி.எம். நிறுவனத்து றொபேட் டெனாட் என்பாரும் உடனாய்வாளரும் எடுத்துக்காட்டினர். பல்லாண்டு தொழில் அவ்வழியே சென்றது. இதன் பயன் பெரிது; இடர் ஒன்றும் உடன் வந்தது. அழுத்தத்தில் 0.1 வோல்ற்றுப் பிசகு 5 வோல்ற்றுக் காலத்தில் நூற்றுக்கு 2. இன்று அது நூற்றுக்கு 8.

அழுத்தம் குறைந்தமையால் மின்னோட்டம் மிகுந்தது. 1.2 வோல்ற்றில் 240 வாற்றுச் செலவிடும் சில்லொன்று 200 அம்பியர் மின்னோட்டத்தை உள்வாங்குகின்றது. அடுக்களையில் நீர் கொதிக்கவைக்கும் 2,300 வாற்று மின்கேத்தல் 10 அம்பியரே கொள்ளும். இருபது கேத்தல்களின் மின்னோட்டம் தபாற்றலை அளவினதான ஒரு சில்லினுட் புகுகின்றது என்பதை வாசகர் மனக்கண்ணாற் கண்டுகொள்க. வழியில் ஓர் ஓமின் ஆயிரத்திலொரு பங்கு தடை இருப்பினும், 200 அம்பியர் செல்லுங்கால் 0.2 வோல்ற்று அவ்வழியிலேயே இழக்கப்படும். பாடசாலையிற் படித்த ஓமின் விதியே இது; புதியதன்று.

இப்பெரும் மின்னோட்டத்தை ஆக்கித் தருவது, முறைவழியியின் பொருத்துவாயைச் சுற்றித் தாய்ப்பலகையில் அமைந்த மின்னழுத்தச் சீராக்கி. அது 12 வோல்ற்றை இடைவிடாது திறந்தும் மூடியும், செக்கனுக்கு இலட்சக்கணக்கான முறை, சிறு சிறு துண்டுகளாக்கும். பத்திலொரு பங்கு காலம் திறந்திருப்பின் சராசரி 1.2 வோல்ற்று. அத்துண்டுகளைத் தூண்டிச் சுருள்களும் கொள்ளளவிகளும் ஒழுங்காக்கி, சீரான அழுத்தமாக்கும். ஒரே சுருள் 200 அம்பியரைத் தாங்காதாதலின், பல கிளைகள் முறைவைத்து உழைக்கும். மலிவான பலகையில் இக்கிளைகள் குறைவு. அவற்றின்மேல் வெப்பத்தைக் கடத்தும் உலோகக் கட்டையும் இல்லாதிருக்கலாம். துடிப்பேற்றம் செய்ய விழைவோர் விலைமிக்க முறைவழியியை வாங்கிவிட்டு, பலகையிற் பணத்தை மிச்சம்பிடித்தல் நாம் அடிக்கடி காணும் பேதைமை. கூரைக்கு ஓடு வாங்கிச் சுவருக்குக் களிமண் இட்டவாறாம்.

முறைவழியி ஒரு நிலையில் நிற்பதன்று. நூலொன்றைத் திரையில் வாசித்துக்கொண்டிருக்கும்போது அது பத்து இருபது அம்பியரோடு அமைந்திருக்கும். ஒரு பெருங்கணக்கு வந்ததும், மைக்குரோசெக்கன் ஒன்றிற்கும் குறைந்த காலத்தில் 200 அம்பியர் கேட்கும். தூண்டிச் சுருளின் இயல்பு மின்னோட்டத்தின் திடீர் மாற்றத்தை எதிர்ப்பது. எனவே சீராக்கி விழித்தெழுமுன் உள்ள இடைவேளையில் கொள்ளளவிகள் தம்மிடம் சேமித்ததை ஈந்து காப்பன. அவை ஈந்து முடியும்போது அழுத்தம் தாழும். அத்தாழ்வின் ஆழத்தில், திரான்சிற்றர்கள் தாமதிக்கும். உயர்த்திய துடிப்போ தாமதிப்பதில்லை. பாதி எழுதிய ஏடு மூடப்படுகின்றது.

இவ்வாறு பதியும் பிழைக்குப் புகையில்லை, ஒலியில்லை. கணினி முற்றாக நின்றுவிடின் அது நற்பேறு எனலாம், உடையவர் விழிப்படைவர். நில்லாது தொடரின், கணக்கேட்டில் ஓரிலக்கம் மாறலாம். சேமித்த படமொன்று ஒரு கோட்டோடு முடியலாம். ஆய்வு மாணவர் ஒருவரின் பல நாட்கணிப்பு வழுவோடு அச்சேறலாம். மைக்ரோசொவ்ற் நிறுவனத்துப் பொறியியலாளர் றேமண்ட் சென் 2005 இல் எழுதிய குறிப்பொன்று இத்துறையிற் பெயர்பெற்றது. உலகெங்குமிருந்து வந்த கணினி முறிவு அறிக்கைகளை ஆராய்ந்தவர், ஒரு பதிவகத்தைப் பூச்சியமாக்கும் கட்டளையில் ஒரு கணினி முறிந்திருக்கக் கண்டனர். அக்கட்டளை தவறுவதற்கு வழியே இல்லை. நினைவகத்தையும் அது தொடுவதில்லை. அத்தகைய அறிக்கைகளை அனுப்பியோரை வினவியபோது, பலருடைய கணினிகள் துடிப்பேற்றப்பட்டவை என்பது தெரிந்தது. உடையவர் தாமறியாமலே, விற்ற கடைக்காரர் செய்துவிட்ட துடிப்பேற்றமும் அவற்றுள் இருந்தது. மைக்ரோசொவ்ற் ஆய்வாளர் ஏறத்தாழப் பத்து இலட்சம் கணினிகளின் முறிவுகளை ஆராய்ந்து 2011 இல் வெளியிட்ட கட்டுரையும், துடிப்பேற்றிய கணினிகள் ஏனையவற்றினும் மிகுதியாக முறிந்தன எனவும், குறித்த வேகத்தினும் தாழ்த்தி ஓட்டியவை குறைவாக முறிந்தன எனவும் காட்டிற்று.

தாழ்வைக் கண்டவர் உடனே நாடுவது அதனை மேடாக்கும் வழியை. தாய்ப்பலகையின் பயோஸ் பக்கங்களில் லோட்லைன் திருத்தம் என்றோர் அமைப்பு உண்டு. அதனைச் சில படிகளாகத் தெரிவுசெய்யலாம். உச்சப் படியில் வைத்தால், சுமை மிகினும் அழுத்தம் தாழாதவாறு சீராக்கி மிகுத்து ஈயும். காண்பதற்கு இது முழு மருந்தாகவே தோன்றும். ஆயின், சுமை மிகுமிடத்து அழுத்தம் சற்றுத் தாழ்தலை வடிவமைத்தோர் வேண்டுமென்றே வைத்தனர். அதன் காரணத்தை அறிதல் நன்று.

துலாவில் நீர் இறைப்போர் இதனை எளிதில் உணர்வர். நீர் நிறைந்த பட்டை இடையிற் கயிறறுந்து வீழ்ந்தால், துலாவின் தலை அமைதியாக நில்லாது, விண்ணென மேலெழும். 200 அம்பியர் உண்டுகொண்டிருந்த முறைவழியி ஒரு கணத்தில் வேலையை முடித்து அமைந்தால், தூண்டிச் சுருள்களில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் உடனே நிற்பதில்லை. போக்கிடம் இன்றி அது கொள்ளளவிகளை நிறைத்து அழுத்தத்தை எழுப்பும். எடுத்துக்காட்டாக, ஓய்வில் 1.30 ஆகவும் முழுச்சுமையில் 1.15 ஆகவும் அழுத்தம் இருக்குமாறு விட்டால், சுமை நீங்கும்போது எழுச்சி 1.15 இலிருந்து தொடங்கும், 1.30 ஐ அது பெரிதும் கடவாது. முழுச்சுமையிலும் 1.30 ஆகவே பிடித்து வைப்பின், எழுச்சி அங்கிருந்து தொடங்கி 1.40 ஐயும் எட்டலாம். திரையில் அழுத்தத்தைக் காட்டும் மென்பொருள்கள் செக்கனுக்கு ஒரு முறையோ சில முறைகளோதாம் அளப்பன. மைக்குரோசெக்கன்களில் எழுந்து மறையும் முகடு அவற்றிற்குத் தென்படாது. அலைவுகாட்டியாலன்றி அதனைக் காணல் இயலாது. எனவே நேர்கோடாய்த் திரையில் நிற்கும் எண்ணைக் கண்டு நிலைபேறு எய்திற்று என மகிழ்தல் தகாது. நடுப்படிகளுள் ஒன்றில் வைத்து, சிறிது தாழ்ச்சியை ஏற்றுக்கொள்ளலே முறை.

மிகையழுத்தம் செய்யும் தீங்கு இரு வகைத்து. ஒன்று உடனே தெரிவது: வெப்பம். மற்றொன்று நாட்பட வருவது: தேய்வு. மெல்லிய உலோகக் கம்பிகளூடு பாயும் மின்னோட்டம், ஆற்றுநீர் மணலை அரித்தல்போல, உலோக அணுக்களையே சிறிது சிறிதாக இடம்பெயர்க்கும். வெப்பமும் ஓட்டமும் மிகின் இவ்வரிப்பு விரையும் என்பதற்கு ஜேம்ஸ் பிளாக் என்பார் 1969 இலேயே சமன்பாடு தந்தனர். திரான்சிற்றர்களின் காப்புப்படையும் மிகையழுத்தத்தில் நலிவுறும். நலிந்த சில்லுக்கு, முன்பு போதியிருந்த அழுத்தம் போதாதாகும். உடையவர் மேலும் கூட்டுவர். அது மேலும் நலியும்.

இதனை ஆர்வலரின் குற்றமென ஒதுக்கிவிடல் ஆகாது என்பதற்கு 2024 ஆம் ஆண்டு நிகழ்ச்சி சான்று. இன்ரெல் நிறுவனத்தின் 13 ஆம், 14 ஆம் தலைமுறை மேசைக்கணினி முறைவழியிகளுட் பல, எத்துடிப்பேற்றமும் செய்யாத நிலையிலும் முறியத் தொடங்கின. விளையாட்டுத் தொடங்குங்கால் படநினைவகம் போதாது என்னும் அறிவிப்புத் தோன்றிற்று. படநினைவகமோ நிறைய இருந்தது. சுருக்கிவைத்த தரவை விரிக்குங்கால் முறைவழியி செய்த பிழையே அவ்வாறு வேறொரு முகத்தோடு வெளிப்பட்டது. பலர் படத்தகட்டை மாற்றிப் பணத்தை இழந்தனர் என்பதை எண்ணுங்கால் இரக்கம் தோன்றுகின்றது. அவ்வாண்டு செப்ரெம்பரில் நிறுவனத்தார் காரணத்தை வெளியிட்டனர். மிகையழுத்தத்தாலும் வெப்பத்தாலும் சில்லினுள் கடிகாரத் துடிப்பைப் பகிர்ந்தளிக்கும் சுற்றே மூப்படைந்து, இயங்குவதற்கு வேண்டிய குறைந்தபட்ச அழுத்தம் உயர்ந்துவிட்டது என்பது அது. தாய்ப்பலகை செய்தோர் அறிவுறுத்தலை மீறி வைத்த வலு அமைப்புக்கள் ஒரு காரணம். முறைவழியி தானே மிகையான அழுத்தத்தைக் கேட்டமை மற்றொரு காரணம். வேலையற்று அமைந்திருக்கும்போதும், இலேசான வேலையின்போதும் அது மிகையழுத்தம் கேட்டது என்பது உற்றுநோக்கத் தக்கது. உழைக்குங்காலன்றி ஓய்விருக்குங்கால் வந்த கேடு இது. ஓகஸ்டில் வந்த திருத்தம் 1.55 வோல்ற்றுக்கு மேற்பட்ட கேள்வியைத் தடுத்தது. செப்ரெம்பரில் வந்தது ஓய்வுநிலைக் கேள்வியையும் அடக்கிற்று. உத்தரவாதக் காலத்தை இரண்டாண்டு நீட்டினர். ஏலவே நலிந்த சில்லுகளை எத்திருத்தமும் மீட்கவில்லை. அவ்வகைக் கணினி வைத்திருப்போர் தம் பலகையின் பயோஸ் புதுப்பிக்கப்பட்டதா எனப் பார்த்துக்கொள்வது நன்று.

ஏ.எம்.டி. நிறுவனத்தின் றைசன் 7000 வகை முறைவழியிகள் சிலவும் 2023 இல் எரிந்து கருகின. நினைவகத்தின் வேகத்தை உயர்த்தும் அமைப்பைத் தெரிவுசெய்தபோது, முறைவழியியின் வேறொரு பகுதிக்குச் செல்லும் அழுத்தத்தைத் தாய்ப்பலகை தானாகவே மிகுத்தமை அதன் காரணங்களுள் ஒன்று. அவ்வழுத்தம் பின்னர் 1.3 வோல்ற்றுக்கு மேற்செல்லாதவாறு வரையறுக்கப்பட்டது. தானியங்கி என்னும் சொல்லைப் பயோஸ் பக்கத்திற் காணும்போது, அஃது அக்கறையோடு செயற்படும் என எண்ணல் வேண்டா.

இவ்வளவும் அறிந்த பின்னரும் முயல விரும்புவோர் செய்யத்தக்க முறையைச் சுருங்கக் கூறுவோம். துடிப்பேற்றத்துக்கு இசைந்த முறைவழியியா என முதலில் அறிதல் வேண்டும். இன்ரெல் வகையிற் பெரும்பாலும் பெயரிறுதியிற் கே என்னும் எழுத்துடையனவே அதற்குரியன. உத்தரவாதம் நீங்கக்கூடும் என்பதையும் முன்னரே அறிக. முக்கியமான கோப்புக்களை வேறோரிடத்திற் படியெடுத்து வைத்த பின்னரே தொடங்குக. அழுத்தத்தைத் தொடாமல், பெருக்கெண்ணை ஒவ்வொன்றாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் சோதிக்கவேண்டும். தவறு தோன்றிய இடத்தில் 0.01 வோல்ற்று அளவிற் கூட்டிப் பார்க்கலாம். இரண்டு மூன்று முறை கூட்டியும் பயனின்றேல், அச்சில்லின் எல்லை அதுவே எனக் கொண்டு ஒரு படி இறங்குதல் அறிவுடைமை. கணினி தொடங்காமற் போயினும் அஞ்சவேண்டியதில்லை. பலகையின் பயோஸ் அமைப்புக்களை அழித்தால் அது பழைய நிலைக்கு மீளும்.

சோதனை என்பது கணினி தொடங்கிற்று என்பதோடு முடிவதன்று. ஜோர்ஜ் வோல்ற்மன் என்பார் 1996 இல் தொடங்கிய, மேர்சென் வகைப் பகாவெண்களைத் தேடும் கூட்டு முயற்சிக்கென ஆக்கிய பிறைம்95 என்னும் மென்பொருள் இதற்குப் பெரிதும் பயன்படுகின்றது. அது விடை முன்னரே தெரிந்த பெருங்கணக்குகளைச் செய்து ஒப்பிடும். முழுவெண்ணாக வரவேண்டிய விடை 0.4 இற்கு மேல் விலகி நிற்பின் வன்பொருள் தவறு என அறிவித்து நிற்கும். ஒரே சீரான பெருஞ்சுமை ஒருவகைச் சோதனை. சுமை ஏறியும் இறங்கியும் வருவது வேறொரு வகை. முன்னதில் வென்ற கணினி பின்னதில் தோற்பதுண்டு. மேலே கூறிய தாழ்வும் எழுச்சியும் மாற்றத்தின்போதே நிகழ்தலின், இரண்டையும் செய்தல் வேண்டும்.

இக்காலத்து முறைவழியிகள் வெப்பமும் வலுவும் இடங்கொடுக்கும் வரை தாமே வேகத்தை உயர்த்திக்கொள்ளும் இயல்பின. 1998 இல் நூற்றுக்கு ஐம்பது கிடைத்த இடத்தில் இன்று மிகச் சிறிதே எஞ்சியுள்ளது. அதனால் அறிந்தோர் பலர் எதிர்வழியை நாடுகின்றனர். வேகத்தை உள்ளவாறே விட்டு, அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கின்றனர். நூற்றுக்கு 5 குறைத்தால் அதே வேகத்தில் வலு ஏறக்குறைய நூற்றுக்கு 10 குறையும். விசிறியின் ஓசை தணியும். வெப்பம் குறைதலின் முறைவழியி தன் உயர்வேகத்தில் நெடுநேரம் நிற்கும். நம் நாட்டு வெப்பத்திற்கு இதுவே பொருத்தமென நாம் கருதுகின்றோம். ஆயினும் இதுவும் சோதனைக்கு உட்பட்டதே. மிகக் குறைத்தால் முன்னர்க் கூறிய தாழ்வின் ஆழத்தில் அதே பிழை தோன்றும். இரவின் குளிர்ச்சியில் ஒருமுறையும், புழுக்கம் மிக்க பிற்பகலில், சாளரம் மூடிய அறையில் மற்றொருமுறையும் சோதனையை ஓட்டி, இரண்டிலும் வழுவின்றி நின்ற எண்ணுக்கு ஒரு படி மேலே அழுத்தத்தை வைத்துவிடலாம்.